மகள் தலையில் பேன்: ஒரு 17 நாள் கணக்கு

எங்கள் வீட்டுப் பேனை முதலில் கண்டுபிடித்தவர் பள்ளி வேன் ஓட்டும் தம்பி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை வாசலில் இறக்கிவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணே, பாப்பா வழியெல்லாம் தலையச் சொறிஞ்சுக்கிட்டே வருது, என்னன்னு பாருங்க" என்றார். தெருவுக்கே கேட்கும் குரல் அவருக்கு. நான் முதலில் வெட்கப்பட்டேன். அடுத்து மருந்துக்கடைக்கு ஓடி, ஏதோ ஒரு பேன் மருந்தை வாங்கிவந்து அன்றைக்கே தேய்த்துக் குளிப்பாட்டினேன். வெட்கப்பட்டதும் தேவையில்லாதது, அவசரப்பட்டதும் தேவையில்லாதது. இரண்டே வாரத்தில் மறுபடியும் சொறிய ஆரம்பித்தாள்.

மனைவிக்கு ஜவுளிக்கடையில் வேலை. வீடு திரும்ப இரவு பத்தாகிவிடும். அதனால் இந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்ட வழியில்லை. நான் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "அரிசியில பாதி இருக்குற ஸ்குரூவ இடுக்கியால எடுக்குற கைக்கு ஈர் எடுக்க வராதா?" என்று கேட்டார் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை. அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறை பிள்ளை தலையில் பேனைப் பார்த்துப் பதறி நிற்கும் அம்மா அப்பாவுக்கு உதவும்.

பேன்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

சொறிகிற தலையில் எல்லாம் பேன் இருக்காது. மதுரை வெயிலில் வேர்த்து, அதன்மேல் எண்ணெயும் தூசியும் படிந்தாலே தலை அரிக்கும். பொடுகாலும் அரிக்கும். மருந்தைத் தொடுவதற்கு முன்னால் உயிரோடு ஒரு பேனையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

வளர்ந்த பேன் எள்ளளவு இருக்கும், 2 முதல் 3 மில்லிமீட்டர். வெளிச்சம் பட்டதும் முடிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அதனால் முடியைச் சும்மா விலக்கிப் பார்த்தால் பல நேரம் பேன் சிக்காது, ஈர்தான் தெரியும். இரண்டு காதுகளின் பின்புறமும் பிடரியும் அதற்குப் பிடித்த இடங்கள். முற்பகல் வெளிச்சத்தில் பிள்ளையை வாசற்படியில் உட்காரவைத்து அங்கே முதலில் பாருங்கள். கடையில் சர்க்யூட் போர்டு பார்க்க வைத்திருக்கும் வளைய விளக்குப் பூதக்கண்ணாடியை நான் வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டேன். அது இல்லாதவர்களுக்கு செல்போன் டார்ச் போதும்.

ஈர் என்பது பேனின் முட்டை. ஈறு என்று எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் ஈறு பல்லைப் பிடித்திருப்பது, முடியைப் பிடித்திருப்பது ஈர். பொடுகை விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஈர் உதிராது. முடியின் ஒரு பக்கமாகப் பசை போட்டது மாதிரி ஒட்டியிருக்கும். நகத்தால் பிடித்து முடியின் நுனி வரை இழுத்தால்தான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பேன் முட்டையிடுவது மண்டைத்தோலை ஒட்டி, பெரும்பாலும் அரை சென்டிமீட்டருக்குள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆக, தோலிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாகத் தொங்கும் ஈர் மூன்று மாதத்துக்கு முந்தைய கதை. அது பொரித்துப்போன வெற்றுக்கூடு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தோலை ஒட்டி, பழுப்பு நிறத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

யாரிடமிருந்து வந்தது என்ற விசாரணை

ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும் விசாரணை இது. எங்கள் வீட்டிலும் நடந்தது. பேன் முதல்முறை ஏறும்போது அரிப்பு உடனே வராது. அதன் எச்சில் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல்தான் அரிக்கிறது. அந்த ஒவ்வாமை உருவாக 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். எனவே போன வாரம் வந்துபோன விருந்தாளியின் மேல் பழிபோடுவது அநியாயம்.

என் மகள் சொறிய ஆரம்பித்தது ஜூன் மாதம். பின்னோக்கி எண்ணினால் சித்திரைத் திருவிழா வருகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க என் தங்கை குடும்பம் உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தது. ஐந்து பிள்ளைகள் மொட்டைமாடியில் ஒரே ஜமக்காளத்தில் நான்கு இரவு படுத்தார்கள். அதுவும் போதாதென்று ஒரே செல்போனை ஐந்து தலையும் முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பேனுக்குச் சிறகும் இல்லை, தத்துவதற்குக் காலும் இல்லை. முடியோடு முடி உரசினால் நடந்து போகும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒரே பாய். இந்தக் காலத்தில் ஒரே செல்போன்.

தங்கைக்கு போன் போட்டேன். "பிள்ளைக தலையப் பாத்தியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஒங்கிட்டச் சொல்லணும்னுதாண்ணே நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். எங்கிருந்து எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த போனை நீங்களும் போட்டுவிடுங்கள். அங்கே மிச்சமிருந்தால் அடுத்த லீவுக்குத் திரும்பி வரும்.

அழுக்குத் தலையில்தான் பேன் பிடிக்கும் என்பது தப்பு. தினம் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் பிடிக்கும். நாய், பூனையிடமிருந்து வராது. மல்லிகைப்பூ வைத்தால் பேன் வரும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பூவுக்குள் ஓடும் பொடிப்பூச்சி வேறு, பேன் வேறு. பேனுக்கு மனித ரத்தத்தைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது, பூவில் அதற்கு என்ன வேலை? மதுரையில் பிறந்த பிள்ளைக்கு மல்லியை மறுக்க வேண்டியதில்லை.

நாளை எண்ணத் தெரிய வேண்டும்

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிறார்கள் என்று பழமொழி சொல்கிறோம். ஈர் பேனாக எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஈர் பொரிக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வர இன்னும் 9 முதல் 12 நாள். வளர்ந்த பெண் பேன் ஒரு மாதம் வரை உயிரோடு இருந்து, நாளைக்கு 8 முட்டை வரை இடும். இப்போது நான் செய்த தப்பு புரியும். முதல் நாள் மருந்தில் ஓடுகிற பேன் செத்தது. முட்டைக்குள் இருந்தது சாகவில்லை. ஒரு வாரம் கழித்து அது பொரித்து வெளியே வந்தபோது நான் நிம்மதியாகக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

முட்டையை மொத்தமாகக் கொல்வதை விட, பொரித்து வருகிற குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிடுவது சுலபம். அதற்கு நான்கு நாளைக்கு ஒருமுறை சீப்புப் போட வேண்டும்: 1, 5, 9, 13-ஆம் நாட்கள். 17-ஆம் நாள் கடைசிச் சோதனை. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், வெள்ளி, அதற்கடுத்த செவ்வாய் என்று வரும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் தாள்களைத் தேடிப் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்றால் நடக்காது. நான் முயன்று பார்த்துவிட்டேன்.

இதில் எங்கள் அம்மாவோடு ஒரு பஞ்சாயத்து வந்தது. "வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்ல பேன் குத்துவாகளாப்பா?" என்றார். சரி, சனிக்கிழமை என்று மாற்றினேன். ஒரு நாள் முன்னே பின்னே போனால் கணக்கு கெடாது, நான்கு நாள் தள்ளிப்போட்டால் கெடும். விளக்கு வைத்த பிறகு தலையில் சீப்பு வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அதை நான் மனதாரவே ஒத்துக்கொண்டேன். குண்டு பல்பு வெளிச்சத்தில் அந்தக் காலத்தில் யாராலும் ஈர் பார்த்திருக்க முடியாது. பள்ளி நாட்களில் காலை ஆறு மணிக்கு எழுப்பி உட்காரவைத்தேன். முதல் நாள் அழுதாள், அதன் பிறகு பழகிவிட்டது.

சீப்புப் போடும் முறை

இதில்தான் பொறுமை வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் மருந்தே தேவைப்படாத வீடுகளும் உண்டு.

சாதாரண சீப்பு ஆகாது. பேன்சீப்பு வேண்டும். பற்களுக்கு நடுவே இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது. கடையில் அளக்க முடியாது என்பதால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், பற்கள் ஒரே சீராக, நெருக்கமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் பற்களைத் தள்ளிப் பாருங்கள். வளைந்துகொடுத்தால் வேண்டாம், குஞ்சுப்பேன் அந்தச் சந்தில் தப்பித்துவிடும். பிளாஸ்டிக்கை விட நீளப் பல் வைத்த எவர்சில்வர் சீப்பு நல்லது. நம் பாட்டிமார் வைத்திருந்த மரத்துண்டுக்கு ஈருளி என்றும் ஈர்கொல்லி என்றும் ஊருக்கொரு பேர். இரண்டு கட்டை இடுக்கில் முடியைக் கொடுத்து இழுப்பார்கள். பழைய வீடுகளில் பரணில் கிடக்கலாம். கிடைத்தால் ஈருக்கு அது நல்ல கருவிதான், ஆனால் பழகாத கை இழுத்தால் பிள்ளை ஊரைக் கூட்டும்.

முதலில் சாதாரண ஷாம்புவால் தலையை அலசுங்கள். பிறகு கண்டிஷனரைத் தாராளமாக, முடி வழவழவென்று ஆகும் அளவுக்குப் பூசுங்கள். கழுவ வேண்டாம். ஈரமும் வழவழப்பும் இருக்கும்போது பேனால் வேகமாக ஓட முடியாது, சீப்பும் சிக்காது. கண்டிஷனர் இல்லாத வீட்டில் தேங்காயெண்ணெய் வழியவழியத் தேய்த்தாலும் சரி. எண்ணெய் தானாகப் பேனைக் கொன்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள், அது சீப்புக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

அகலப் பல் சீப்பால் சிக்கு முழுவதையும் எடுத்துவிடுங்கள். முடியை நான்கு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். கையில் இருக்கும் பாகத்திலிருந்து விரல் பருமன் முடியை மட்டும் எடுத்து, பேன்சீப்பின் பல் மண்டைத்தோலைத் தொடும்படி வைத்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டேன், அதில் பேன் பளிச்சென்று தெரியும். அதே கற்றையை அடிப்பக்கம், மேல்பக்கம், இரண்டு ஓரம் என்று நான்கு முறை இழுத்த பிறகுதான் அடுத்த கற்றை. ஒரு கிண்ணத்தில் சோப்புக் கலந்த சுடுதண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், சீப்பை அதில் முக்கிக்கொள்ளலாம். பிள்ளையின் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

தலை முழுவதும் முடிந்ததும் கண்டிஷனரை அலசிவிட்டு, ஈரத்தலையில் இன்னொரு சுற்று வேகமாக இழுத்துவிடுங்கள். தப்பியது அதில் மாட்டும். இடுப்புவரை முடி உள்ள பிள்ளைக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும். ஐந்தாம் நாள் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் நாள் எங்களுக்கு 31 சிக்கியது. மகள்தான் எண்ணினாள். எண்ணுகிற வேலையை அவளிடம் கொடுத்த பிறகுதான் அழுகை நின்றது. ஐந்தாம் நாள் 9, ஒன்பதாம் நாள் 4, எல்லாம் பொடிக்குஞ்சு.

பிள்ளையை உங்கள் இரண்டு முழங்காலுக்கு நடுவே குட்டை ஸ்டூலில் உட்காரவையுங்கள். கண்ணின்மேல் மடித்த துண்டு இருக்கட்டும். என் அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் மத்தியானம் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ரயில் மாதிரி உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். ஊர்க்கதை முழுவதும் அந்த ரயிலில்தான் ஓடும். எனக்குச் சொல்ல ஊர்க்கதை கைவசம் இல்லை. பேசும் குரங்கு ஒன்றைப் பற்றி நானாகக் கட்டிவிட்ட கதை 13-ஆம் நாள்வரை நீண்டது. எதிர்வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, கடைய மூடிட்டு பேன் பாக்க ஒக்காந்துட்டீகளா?" என்று சிரித்தார். மறுவாரம் அவரே தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார், "அந்தக் கண்ணாடி வெளக்குல இவளுக்கும் ஒருக்காப் பாருங்களேன்" என்று.

மருந்து வாங்குவதானால்

சீப்பு மட்டும் போதாது என்றால் மருந்தும் சேர்க்கலாம். மருந்துக்கடையில் பொதுவாகக் கிடைப்பது 1 சதவீத பெர்மெத்ரின். பெயரை மட்டும் பார்க்காதீர்கள், சதவீதத்தையும் படியுங்கள். 5 சதவீதம் என்று இருந்தால் அது சிரங்குக்கு உடம்பில் பூசுவது.

எண்ணெய்த் தலையில் மருந்து பிடிக்காது. நம் பிள்ளைகளுக்குத் தினமும் எண்ணெய் வைத்துத்தானே சடை பின்னுகிறோம்? அதனால் முதலில் சாதாரண ஷாம்புவால் எண்ணெய் போக அலசுங்கள், அன்று கண்டிஷனர் கூடாது. துண்டால் துவட்டிய பிறகு, காதின் பின்புறமும் பிடரியும் உட்பட முடி முழுவதும் நனையும்படி பூசுங்கள். நீள முடிக்கு ஒரு பாட்டில் போதாமல் போகலாம். 10 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தி, அலசிவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். அலசும்போது குளியலாகக் குளிப்பாட்டாமல், வாளிக்கு மேல் தலையைக் குனியவைத்து அலசினால் மருந்து உடம்பெல்லாம் வழியாது. அதன் பிறகு பேன்சீப்பு. ஓரிரு நாளைக்குத் தலைக்கு ஷாம்பு வேண்டாம். 9-ஆம் நாள் மறுபடியும் இதே முறை. இரண்டாவது முறையைத் தவறவிட்டால் முதல் முறை பூசியதே வீண்.

பூசி அரை நாள் ஆகியும் பேன் பழையபடி சுறுசுறுப்பாக ஓடினால், அந்த மருந்து அந்தப் பேனிடம் பலிக்கவில்லை என்று பொருள். உலகின் பல பகுதிகளில் பேன்கள் பெர்மெத்ரினுக்குப் பழகிவிட்டன. அதையே திரும்பத் திரும்பப் பூசாமல் டாக்டரிடம் போங்கள். டைமெதிகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் வகை, ஐவர்மெக்டின் மாத்திரை என்று வேறு வழிகள் அவரிடம் இருக்கும். ஐவர்மெக்டின் பொதுவாக 15 கிலோ எடைக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, அதைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். லிண்டேன் அல்லது காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்று அச்சிட்ட பழைய லோஷனை யாராவது எடுத்துக்கொடுத்தால் வாங்க வேண்டாம், அது நரம்பைப் பாதித்து வலிப்பு வரவைக்கக்கூடியது. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த மருந்தும் கூடாது, சீப்பு மட்டும்தான். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பூசலாம்.

செய்யவே கூடாதவை

சீதாப்பழ விதையில் தொடங்குகிறேன். எங்கள் பக்கம் புரட்டாசி ஐப்பசியில் மலையடிவாரங்களிலிருந்து வரும் சீதாப்பழத்தைத் தின்றுவிட்டு, விதையைக் காயவைத்து இடித்து, எண்ணெயில் குழைத்துப் பேனுக்குப் பூசுவது பழைய கைவைத்தியம். பேன் சாகும் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பொடி ஒரு துளி கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோல் உரிந்து புண்ணாகிவிடும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பத்தா என் தங்கைக்குப் பூசினார். குளிப்பாட்டும்போது கண்ணில் வழிந்தது. அன்று ராத்திரி முழுவதும் கண்ணைத் திறக்க முடியாமல் அலறினாள். வெளிச்சமே ஆகவில்லை. கண் டாக்டர் சொட்டுமருந்து கொடுத்துக் கட்டுப்போட்டு, சரியாக ஒரு வாரம் ஆனது. அப்பத்தா அந்த வாரம் முழுவதும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தப்பித்தவறிப் பட்டுவிட்டால் பதினைந்து இருபது நிமிடம் நல்ல தண்ணீரை விட்டுக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மதுரைக்காரர்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனை எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், மூச்சுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே, எறும்புச் சாக்பீஸ் இரண்டும் பூச்சிமருந்து, தலையில் படக் கூடாது. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சித் தேய்ப்பது பல வீட்டில் உண்டு. அந்தக் கிண்ணத்தைத் தவழும் தம்பியோ தங்கையோ எடுத்துக் குடித்துவிட்டால், கொஞ்சம் கற்பூரமே வலிப்பு வரப் போதும். அந்துருண்டையும் வேண்டாம், சில குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேப்பெண்ணெயும் சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. வேப்பிலை அரைத்துப் பூசுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. அதனால் பேன் ஒழியும் என்று எண்ணி நாளைத் தவறவிடாமல் இருந்தால் சரி. என் அம்மாவின் திருப்திக்காக ஒருமுறை பூசினோம். வீடே வேப்பமரத்தடி மாதிரி மணந்தது. பேன் சவுகரியமாக இருந்தது.

மொட்டை பற்றியும் சொல்லிவிட வேண்டும். மொட்டை அடித்தால் பேன் போய்விடும், சந்தேகமில்லை. அழகர்கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லிப் பேனுக்காக மொட்டை போட்ட வீடுகள் எனக்கே இரண்டு தெரியும். சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் எட்டு வயதுப் பெண்பிள்ளையை அவள் விருப்பம் இல்லாமல், தண்டனை மாதிரி, கூட்டிப்போய் மொட்டை அடிக்காதீர்கள். 17 நாளில் தீருகிற விஷயத்துக்கு ஒரு வருஷம் அவள் தொப்பியோடு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும்.

வீடும் மற்ற தலைகளும்

சீப்புப் போடும் முதல் நாளே வீட்டில் எல்லாத் தலையையும் பார்த்துவிடுங்கள். உயிருள்ள பேன் இருக்கிறவர்களுக்கு அன்றைக்கே தொடங்க வேண்டும். பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கிறவர்களுக்கும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது. என் தலையில் இரண்டு இருந்தன. முடி குறைவாக உள்ள அப்பாக்கள் தங்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். பையன்களுக்குக் கிராப்பு வெட்டியிருந்தால் பத்து நிமிட வேலை.

தலையை விட்டு இறங்கிய பேன் ஒன்றிரண்டு நாளுக்குமேல் பிழைக்காது. ஆகவே வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம், எங்கும் மருந்தடிக்க வேண்டாம். கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, போர்வை, துண்டு, ரிப்பன் இவற்றைச் சுடுதண்ணீரில் துவைத்து மாடியில் காயப்போடுங்கள். சீப்புகளைக் கை பொறுக்காத சூடுள்ள தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டால் போதும். துவைக்க முடியாத பொம்மை, ஹெல்மெட் எல்லாம் நெகிழிப் பையில் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கிவைத்தால் தீர்ந்தது. உண்மையில் இதற்குச் செலவழிக்கும் நேரத்தை சீப்புக்குச் செலவழித்தால் பலன் அதிகம்.

பள்ளிக்கூடம்

மருந்தோ சீப்போ தொடங்கிய மறுநாளே பள்ளிக்கு அனுப்பலாம். தலைப்பேன் உயிரை எடுக்கும் நோய் எதையும் பரப்புவதில்லை, லீவு போட வேண்டிய காரியம் இல்லை. இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டி மடித்துவிடுங்கள். வேனில் நெருக்கி உட்காரும்போது பறக்கிற முடிதான் பாலம். வகுப்பு டீச்சரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்று, "மிஸ், பாப்பாவுக்குப் பேன் இருந்துச்சு, பாத்துக்கிட்டிருக்கோம். கிளாஸ்ல மத்தப் பிள்ளைக வீட்லயும் பேர் சொல்லாமப் பாக்கச் சொன்னா நல்லாருக்கும்" என்றேன். அவர் டைரியில் பொதுவாக ஒரு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். மூன்று வீட்டில் பேன் இருந்ததாம்.

எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. உறவுக்காரப் பிள்ளை ஒருத்தியை வேறொரு பள்ளியில் ஒரு வாரம் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். அந்த வகுப்பில் எல்லாருடைய தலையையும் பார்த்திருந்தால் அவளோடு உட்கார ஆள் கிடைத்திருக்கும். அப்படி நேர்ந்தால் சண்டை போடாமல், ஆனால் நேரில் போய்ப் பேசுங்கள். பிள்ளையிடம் வீட்டில் என்ன சொல்கிறோம் என்பதும் முக்கியம். "பேன்தலை" என்று அண்ணன் தம்பி கூப்பிட ஆரம்பித்தால் அன்றே நிறுத்துங்கள். அந்தப் பேர் பேன் போன பிறகும் போகாது.

டாக்டரிடம் எப்போது

சொறிந்து சொறிந்து தலையில் சீழ்வைத்தாலோ, மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் போய்விடுங்கள். கண்ணிமை முடியில் ஈர் தெரிந்தாலும் நீங்களாகத் தொடக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம், மதுரையில் பெரியாஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. முதலில் புண்ணை ஆற்றுவார்கள், பேன் மருந்து அதன் பிறகுதான்.

17-ஆம் நாள்

கண்டிஷனர் பூசி, நான்கு பாகமும் பிரித்து, முதல் நாள் போலவே முழுமையாகச் சீப்புப் போடுங்கள். ஒன்றும் சிக்கவில்லை என்றால் முடிந்தது. பழைய வெற்று ஈர்கள் முடியில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம், அது தோல்வி இல்லை. பார்க்க நன்றாக இல்லை என்றால் ஒவ்வொன்றாக நகத்தால் இழுத்தோ, அந்த முடியை மட்டும் கத்தரித்தோ எடுக்கலாம். ஒரே ஒரு உயிருள்ள பேன் சிக்கினாலும் அந்த நாளை முதல் நாளாக வைத்து மறுபடி எண்ணுங்கள். எங்களுக்கு இரண்டாவது சுற்றில்தான் சுத்தமானது, ஏனென்றால் முதல் சுற்றில் ஒரு சீப்பு நாளைக் கடை வேலையில் விட்டுவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது காதுக்குப் பின்னால் மட்டும் சீப்பை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்கிறேன். லீவுக்கு உசிலம்பட்டி போகும்போது மகளின் பையில் அவளுக்கென்று தனிச் சீப்பு, தனித் துண்டு. பேன்சீப்பு காலண்டருக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. பேசும் குரங்குக்கு அப்புறம் என்ன ஆனது என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.